கச்சான் காற்றில் உடைந்த பஞ்சமம்

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நிருஜா மூதூரிலிருந்து வந்திருந்தாள். கல்யாணச் சேலைக்குத் தைத்த பிளவுஸைப் போட்டுப் பார்க்கத் தையல்காரியிடம் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வந்தாள். கை கழுவப் போகிற வழியில் மேசையில் கிடந்த புல்லாங்குழலைக் கண்டுவிட்டு, "மாமி, இது ஆருடையது?" என்று கேட்டாள். "முந்தி உம்முடைய ஆளுடையது. இப்ப என்னுடையது" என்றேன். சிரித்தாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "ஓம் மாமி, சின்ன வயசில பழகினவர் எண்டு சொன்னவர். மூச்சுக் காணாதெண்டு விட்டிட்டாராம். எனக்கு அது விளங்கவே இல்ல. போன முறை கோணேசர் மலை ஏறேக்க எனக்குத்தான் இளைச்சது. அவர் ஐஸ்கிறீமும் குடிச்சுக்கொண்டு விறுவிறெண்டு மேல போயிட்டார். உமக்கோ மூச்சுக் காணாது எண்டு கேட்டன். அது வேற மூச்சு எண்டார்."

நான் குழம்பு எடுக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். குழலுக்கு உன் மூச்சுப் போதாது, "மூச்சுக் காணாது" என்ற வசனம் உன்னுடையதல்ல. பதினான்கு வருடங்களுக்கு முன் ஓர் ஓட்டோவுக்குள் வைத்து உனக்கு அதைச் சொன்னவள் நான். நீ அதை உன்னைப் பற்றிய உண்மையாக எடுத்துக்கொண்டு, கட்டப்போகிற பெண்ணிடமும் சொல்லியிருக்கிறாய். அது உண்மையில்லை. தை மாதம் கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் கொழும்புக்குப் போக முன் இதைத் திருத்திவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். நீ மண்டபம், சமையல்காரர் என்று கதையை மாற்றிவிட்டாய். எழுத்தை இடையில் வெட்ட உனக்கு ஏலாது. உறையை ஒட்டாமல் நிருஜா மூலம்தான் அனுப்பப் போகிறேன். அவளும் வாசிக்கட்டும். பிள்ளைகளைப் பாட்டுக்கும் குழலுக்கும் அனுப்புகிற வேறு அம்மாக்களின் கைக்குப் போனாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என்னை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கரும்பலகையை அழிக்க முன் கடைசி எழுத்துவரை கொப்பியில் ஏற்றுகிற பிள்ளையாக இருந்தேன். இடது பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு, தலைப்பின் கீழ் இரட்டைக் கோடு. எழுதினால் விளங்கிவிட்டது என்று நம்பினேன். பாடசாலை நூலகத்தில் வேலைக்குப் போன பிறகும், கல்யாணம் கட்டி உன்னைப் பெற்ற பிறகும் அந்தப் பிள்ளை என்னைவிட்டுப் போகவில்லை. பாலையூற்றில் உனக்குக் குழல் வகுப்பு தொடங்கியபோது மற்ற அம்மாக்கள் வெளியே மர நிழலில் இருந்து கதைத்தார்கள். நான் மட்டும் உள்ளே ஒரு கதிரையைப் பின்சுவரோடு இழுத்துப் போட்டு, குழல் பழக்குகிற சேர் சொல்வதையெல்லாம் பெரிய கொப்பியில் எழுதினேன். உனக்கு வெட்கமாக இருந்தது. "அம்மா, நீங்களும் சோதினை எழுதப் போறீங்களோ?" என்று ஒருநாள் கேட்டாய். "நீ மறந்தால் நான் சொல்லித் தரலாம்" என்றேன்.

அப்போது அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் வேலை. இரவு முறை முடித்து விடியப் புறம் வருவார், குளிப்பார், சாப்பிடுவார், பின்னேரம் நாலு மணிவரை நித்திரை. நம் வீடு இரண்டு அறை வீடு. நீ பள்ளிக்கூடத்தால் வந்து குழலை எடுக்கிற நேரமும் அவருடைய நித்திரையும் ஒன்றாக வந்தன. அதனால் நான் ஒரு ஒழுங்கு செய்தேன். "அப்பா படுத்திருக்கிறார், மேல போய் வாசி" என்று உன்னை மொட்டைமாடிக்கு அனுப்பினேன். மேலே தண்ணீர்த் தாங்கியின் நிழலில் ஒரு பாயும் போட்டுத் தந்தேன். உள்துறைமுகம் முழுக்க அங்கிருந்து தெரியும். நல்ல இடம் என்று நினைத்தேன். நூலகத்தில் என்னோடு வேலை செய்தவர்களிடம், "என்ர மகன் கடலைப் பார்த்துக்கொண்டு வாசிக்கிறவன்" என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

வைகாசி பிறந்ததும் கச்சான் எழும்பியது. அந்தக் காற்று உனக்கு மறந்திருக்காது. துறைமுகத் தண்ணீரைக் கடந்து, சூடாக, விடாமல், புரட்டாதிவரை அடிக்கும். கொடியில் கிடக்கிற துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். குழலோ ஊதுகிறவனின் உதட்டிலிருந்து துளையின் விளிம்புக்குப் போகிற நூல் போன்ற ஒரு மூச்சில்தான் பேசுகிறது. அந்த நூலைக் கச்சான் அறுத்துக்கொண்டு போகும். கீழ்ச் சுரங்கள் எப்படியோ தப்பிவிடும். மேலே போகப் போக ஒன்றுமே வராது, வந்தாலும் காற்றோடு போய்விடும். நான் கீழே குசினியில் நிற்பேன், கையில் கொப்பி இல்லாத குறைதான். ஸட்ஜம் கேட்கும், ரிஷபம் கேட்கும், பிறகு வெறும் காற்று. உடனே யன்னலால் தலையை நீட்டிக் கத்துவேன்: "கேக்கேல்ல! பலமா ஊது!" நீ பலமாக ஊதுவாய். "இன்னும் கேக்கேல்ல!" இன்னும் பலமாக ஊதுவாய். ஒருநாள் மேலே இருந்து நீயும் கத்தினாய்: "காத்து அடிக்குது அம்மா!" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காத்து எல்லாருக்கும்தான் அடிக்குது." இன்று அதை எழுதும்போது எனக்கே சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. யாருக்கு அடித்தது? வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் அறைக்குள் வாசித்தார்கள்.

ஆவணி மாதமளவில் உன் கீழுதட்டுக்குக் கீழே சிவப்பாக ஒரு தழும்பு வந்தது. வெயில் பட்டது என்று தேங்காயெண்ணெய் பூசினேன். தலை சுற்றுகிறது என்றாய். கண் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். காற்றைத் தடுக்கக் குழலை உதட்டோடு அமத்தி அமத்திப் பிடித்து, நெஞ்சில் உள்ளதையெல்லாம் தள்ளி ஊதியிருக்கிறாய். அதை நான் பார்க்கவில்லை. நீ வாசிக்கும்போது நான் மேலே ஏறியதே இல்லை, கீழே இருந்து கேட்டேன்.

இப்போது நான் சொல்ல வேண்டிய முக்கியமான இடம். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு சேர் உன்னை நிறுத்தினார். மேல் ஸ்தாயியை மட்டும் வாசிக்கச் சொன்னார். உன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் கூரையில் போய் இடித்தது. சேர் கோபக்காரர் இல்லை. குழலை வாங்கிப் பார்த்தார், உன் உதட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, வீட்டில எங்க இருந்து வாசிக்கிறவர்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். வீட்டில் இடமில்லை, புருஷன் பகலில் படுக்கிறவர், பிள்ளையை மொட்டைமாடிக்கு அனுப்புகிறேன் என்று அங்கே நின்ற மற்ற அம்மாக்களுக்கு முன் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "அறைக்குள்ளதான் சேர். மேசை போட்டுக் குடுத்திருக்கிறன்" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பதின்மூன்று வயதுப் பிள்ளை, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சேர் தலையை ஆட்டினார். "அப்ப விளங்கேல்ல. காத்துக்குள்ள நிண்டு ஊதுற ஆள் மாதிரி ஊதுறார்" என்று மட்டும் சொன்னார்.

குழல் பரீட்சையும் கச்சான் காலத்திலேயே வந்தது. நகரத்தில் ஒரு வகுப்பறை. தாள் பறக்கும் என்று யன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். நான் வெளியே கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். நடு ஸ்தாயிவரை நீ நன்றாக வாசித்தாய். மேல் பஞ்சமத்துக்குப் போனதும் மொட்டைமாடியில் ஊதுவதுபோல் ஊதினாய். மூடின அறைக்குள் அது பெரிய கீச்சலாக எழும்பி இரண்டாக உடைந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகளில் ஒருவன், "டேய், நாதஸ்வரமடா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே பரீட்சகர் அம்மா, "தம்பி, எனக்குக் காது நல்லாக் கேக்கும். மெல்ல வாசியுங்கோ" என்று பதமாகத்தான் சொன்னார். நீ மெல்ல ஊதப் பார்த்தாய். மெல்ல ஊத உனக்கு யாரும் பழக்கவில்லை. சுரம் கீழே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. பிறகு சத்தமே இல்லை. வெளியே வந்தபோது குழல் ஏற்கெனவே உறைக்குள் இருந்தது.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் நீ சொன்னாய்: "எனக்கு மேல போகாதம்மா." நான் உன்னைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "அதுக்கென்ன, உனக்கு மூச்சுக் காணாதுபோல. மிருதங்கம் பழகலாம்" என்றேன். நீ மிருதங்கம் பழகவில்லை. குழல் அலுமாரிக்குள் போனது. அது அங்கே போனதற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். அது உன் நெஞ்சுக்குள் இருக்கிற காரணம், என் வீட்டில் இருக்கிற காரணம் அல்ல. எனக்கு வசதியான காரணம்.

இந்த வருடம் சித்திரையில் நான் ஓய்வு பெற்றது உனக்குத் தெரியும். கல்யாண வேலைக்காக அலுமாரியை ஒதுக்கியபோது குழலும் அந்தப் பெரிய கொப்பியும் சேர்ந்து வந்தன. குழலுக்கு எண்ணெய் தடவி நாலு நாள் வைத்தேன். சும்மா ஊதிப் பார்த்தேன். ஒரு கிழமையில் சத்தம் வந்தது, இரண்டு மாதத்தில் ஸரிகம வந்தது. சேர் தன் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எனவே கொப்பியைப் பார்த்துப் பழகினேன். நடு ஸ்தாயி பிடிபட்ட பிறகு மேல் ஸ்தாயி என்று தலைப்பிட்ட பக்கத்தைத் திருப்பினேன். நீலப் பேனையில் என் கையெழுத்து: "மேலே போகப் போக மூச்சைச் சிறுக்கவும். கூட்டக் கூடாது. உதட்டை இறுக்க வேண்டாம். குழல் உதட்டைத் தொட்டிருந்தால் போதும்." சேர் சொன்னது, ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன். அதற்கு நேரே கீழே சிவப்புப் பேனையில் நானாக எழுதியது: "வீட்டில் கேட்கவில்லை. பலம் காணாது. தினமும் சொல்ல வேண்டும்." இரண்டையும் ஒரே பக்கத்தில், ஒரே பின்னேரத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றை ஒன்று வெட்டுகிறது என்பது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அடிக்கோடு மட்டும் நேராக இருக்கிறது.

அப்படியும் நான் உடனே திருந்தவில்லை. சிறுக்கச் சொன்னால் எப்படிச் சிறுக்குவது? பலமாக ஊதினேன், உடைந்தது. கார்த்திகை மழை தொடங்கிய பிறகு ஒருநாள் மத்தியானம் வீட்டை விட்டு வெளியே கால் வைக்க ஏலாத மழை. அப்பா படுத்திருந்தார். வேலையை விட்டு மூன்று வருடமாகியும் அவருக்குப் பகல் நித்திரை விடவில்லை. நான் மற்ற அறையில் கதவைச் சாத்திவிட்டு, அவரை எழுப்பக் கூடாது என்ற ஒரே எண்ணத்தோடு, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு மெல்ல ஊதினேன். நடு ஸட்ஜத்தை நீட்டிப் பிடித்தேன். விரலை அசைக்கவில்லை. உதட்டை முன்னுக்குக் கொண்டுபோய் இடைவெளியைச் சின்னதாக்கினேன். நீ சின்னவனாக இருக்கும்போது கண்ணில் தூசி விழுந்தால் இமையைப் பிடித்து ஊதுவேனே, அப்படி. மெல்லியதாக, ஒரு இடத்துக்கு மட்டும், கண் நோகாமல். மேல் ஸட்ஜம் வந்தது. தானாக வந்து நின்றது. அதிலிருந்து ஒவ்வொன்றாக ஏறினேன். ரிஷபம், காந்தாரம், மத்திமம். தொண்டையில் ஒரு இறுக்கமும் இல்லை. பஞ்சமம் எடுத்தபோது பல்லி கத்துகிற சத்தமளவுகூட இல்லை, ஆனால் உடையாமல் முழுதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே வயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்க, அது பெரிதாகி அறை முழுக்க நிறைந்தது.

பக்கத்து அறையிலிருந்து அப்பாவின் குரல்: "இப்ப சரியா வந்திட்டுது."

"எழுப்பிப்போட்டனோ?" என்று கேட்டேன்.

"நான் நித்திரை இல்ல. நீ குழலைத் துடைக்கேக்கயே முழிப்பு."

"அப்ப அந்த நாளையில பெடியன் வாசிச்சாலும் உங்களுக்கு நித்திரை குழம்பியிருக்கும்தானே?"

"ஆர் சொன்னது? எஞ்சின் அறைக்குள்ள சாக்குல படுத்து நித்திரை கொண்டவன் நான். குழல் சத்தம் எனக்கு ஒரு சத்தமோ?"

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்ல?"

"நீ கொப்பியில எழுதி வச்சுச் செய்யிற வேலையில நான் என்னத்தைக் கதைக்கிறது? அவனுக்குக் கடல் பார்க்க விருப்பம் எண்டு நினைச்சன்." பிறகு, "அவனையும் உள்ள விட்டிருக்கலாம்" என்றார்.

அவர் குற்றம் சொல்லவில்லை, சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்குத்தான் இருக்க முடியவில்லை. மழை விட்டதும் முதல் முறையாகக் குழலோடு மேலே ஏறினேன். கச்சான் இல்லை, சாதாரண மாரிக் காற்றுத்தான். நீ பாய் போட்டு இருந்த இடத்தில் நின்று அதே பஞ்சமத்தை எடுத்தேன். வரவில்லை. என்னை அறியாமல் குழலை அமத்தினேன், பலமாக ஊதினேன், தலை சுற்றியது. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தேன். கீழுதட்டுக்குக் கீழே அதே இடத்தில் சிவந்திருந்தது. நீ அந்த இடத்தில் ஒரு கச்சான் காலம் முழுக்க நின்று ஊதியிருக்கிறாய். அதுவும் கீழே இருந்து ஒருத்தி கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கத்திக்கொண்டிருக்க. மூச்சுக் காணாத பிள்ளைக்கு அது ஏலுமா? உன்னிடம் மூச்சு தேவைக்கு மேல் இருந்தது. நான் அதையெல்லாம் செலவழிக்க வைத்தேன்.

கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்குச் சொல்லத் தெரிந்தது இரண்டுதான், இரண்டும் இந்தப் பிழையிலிருந்து வந்தவை. வீட்டில் ஒருவருக்காக என்று சொல்லி ஒரு ஒழுங்கு செய்தால், முதலில் அந்த ஆளிடமே கேள். நான் அப்பாவின் நித்திரைக்காக ஒரு வருடம் உன்னை வெயிலிலும் காற்றிலும் வைத்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்றது, நிருஜா சொல்வது உனக்குக் கேட்காவிட்டால், இன்னும் பலமாகச் சொல் என்று அவளிடம் சொல்லாதே. எழும்பி அவள் நிற்கிற இடத்துக்குப் போ. பன்னிரண்டு படி. அந்த ஒரு வருடம் உன்னைப் பார்க்க நான் மொட்டைமாடிக்கு ஏறாத படிகள் பன்னிரண்டுதான். எண்ணிப் பார்த்தேன்.

கல்யாண வீட்டில் நீ வாசிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒருவரிடமும் சொல்லவும் இல்லை; மாமாவுக்குத் தெரிந்தால் ஒலிவாங்கியோடு வந்து நிற்பார். நீ வியாழக்கிழமை வருகிறாய். உன் அறையில் மேசை போட்டிருக்கிறேன். அன்றைக்கு சேரிடம் சொன்ன மேசை, பதினான்கு வருடம் பிந்தி இப்போதுதான் வந்திருக்கிறது. யன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டாயிற்று, காற்று வராது. குழல் மேசையில் இருக்கும், எண்ணெய் தடவியிருக்கிறேன். கொப்பி இருக்காது, அதை நான் எடுத்து வைத்துவிட்டேன். பின்னேரம் அப்பா படுத்திருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெல்ல ஊதிப் பார். பஞ்சமம்வரை போக வேண்டும் என்றில்லை. ஊதாமல் விட்டாலும் உன் விருப்பம்.

நான் குசினியில் இருப்பேன். எனக்குக் கேட்கத் தேவையில்லை.

அம்மா